பாறையை ஒட்டிய வீடு

நான் பயந்தாங்கொள்ளி. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் ஜியாலஜி படிக்கப் போனதற்கே அதுதான் காரணம். என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வில் கோட்டை விட்ட பிறகு, பி.எஸ்ஸி.யில் எந்தப் பாடம் எடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. விலங்கியல் என்றால் தவளையை அறுக்க வேண்டும். வேதியியல் என்றால் அமிலம் கையில் தெறிக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தில் கடைசி வரியில் ஜியாலஜி இருந்தது. கல் யாரையும் ஒன்றும் செய்யாது, போட்ட இடத்தில் கிடக்கும் என்று நினைத்து அதற்கு நேரே டிக் போட்டேன்.

ஹைதராபாத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மாரெட்பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்து அமெரிக்காவுக்கு ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசிகள். அம்மாவின் தமிழில் பாதி உருது. என் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் பி.எஸ்ஸி. என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். உள்ளே வந்ததும் என்னிடம், “கல்லு படிக்கறாளாம், கல்லு. கைக்கு இந்தப் படிப்பு?” என்பாள். எதற்கு என்பதை உருதுவில் அப்படித்தான் கேட்பாள்.

வகுப்பில் பதினோரு பேர் இருந்தோம். பெண்கள் மூன்று பேர். ஃபிசிக்கல் ஜியாலஜி என்ற தாளில் மலை எப்படி உண்டாகிறது என்பதைவிட மலை எப்படி உடைகிறது என்பதுதான் அதிகம் இருந்தது. அதை எடுத்த விரிவுரையாளர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. வெயிலில் பாறை விரிகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது என்பார். விரிசலில் தண்ணீர் இறங்கும், வேர் இறங்கும், ஒருநாள் சரிவில் இருப்பது கீழே வரும் என்பார். மார்க்கெட்டில் காய் வாங்கி வந்த கதையைச் சொல்வதுபோல இதை எல்லாம் சொல்லிவிட்டு சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். கல் சும்மா கிடக்கும் என்று நம்பி வந்தவளுக்கு எப்படி இருக்கும்?

இந்த ஊரில் பாறைக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாறை, கோயிலுக்கு மேலே பாறை, பஸ் நிற்கிற இடத்தில் பாறை. ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ விளையாட்டுக்கு அடுக்கிவிட்டுப் போனதைப்போல நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம் என்பதால் யாரும் அவற்றைப் பார்ப்பதே இல்லை. நானும் பார்த்ததில்லை. இரண்டாம் வருடம் தொடங்குவதற்குள் என்னால் வேறு எதையும் பார்க்க முடியாமல் போயிற்று. லோத்குண்டாவில் தோழி வீட்டுக்குப் போகும் வழியில் மிலிட்டரி மதிலை ஒட்டி, அடியில் ஒரு முழ அகலம்கூட ஊன்றாத ஓர் உருண்டைப் பாறை இருந்தது. அதற்காகவே கால் மணி நேரம் சுற்றிப் போனேன். அவளிடம் அந்த வழியில் நாய் இருக்கிறது, பயம் என்று சொல்லி வைத்தேன்.

அந்த வருடம் அக்கா வீடு மாறினாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமா கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. குழந்தை பிறந்ததும், தினம் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அலைய முடியவில்லை என்று கொண்டாப்பூர் பக்கம் தனி வீடாக வாடகைக்கு எடுத்தார். அப்போது அங்கே பாதி கட்டடம், பாதி முள்காடு. நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒரு படுக்கையறை, முற்றத்தில் குழாய். பின்பக்க மதில் என்று ஒன்று இல்லை. மதில் இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் பாறைக்குன்று போல ஒரு கரடு நின்றது. கட்டியவர் அதை உடைக்கச் சோம்பி, அப்படியே விட்டு, அதற்கு ஆறடி இந்தப் பக்கம் சுவர் எழுப்பியிருந்தார். கரட்டின் சரிவில், படுக்கையறைக் கூரைக்குச் சற்று மேலே, ஒரு பலகைப் பாறை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு லாரி அளவு இருக்கும். அதன் முகத்தில் சிவப்புப் பெயிண்டில், இந்த நிலம் இன்னாருக்குச் சொந்தம், அத்துமீறி நுழைந்தால் தண்டனை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அறைக்குள் அதற்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில் தொங்கியது.

அம்மா சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கவாட்டில் ஏறிப் போனேன். பலகைக்கும் கரட்டுக்கும் நடுவில் விரிசல் ஓடியது. என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். ஒரு அடியும் உள்ளே போயிற்று, எதன்மீதும் முட்டவில்லை. ஓர் அரசங்கன்று விரிசலுக்குள் வேர்விட்டு என் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதை நான் புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினேன்.

அதே நேரத்தில்தான் வெடிச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ கம்பெனிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டப் பாறையை வெடி வைத்து உடைக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. முதலில் விசில் ஊதுவார்களாம். அவளுக்கு அது கடிகாரம் மாதிரி ஆகியிருந்தது. மத்தியான வெடிக்குக் குழந்தைக்குப் பால், சாயங்கால வெடிக்கு அதன் துணிகளை எடுத்து மடிப்பது. வெடிக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி லேசாகச் சிணுங்கின. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

விரிசலைப் பற்றி நான் சொன்னேன். அக்கா சிரித்தாள், “உன் பாடத்தை எல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுவராதடீ” என்றாள். மாமா, கல்லுக்கு ஜாதகம் பார்க்கிற படிப்பா அம்மணி இது என்று கேலி செய்தார். அம்மாவுக்கு மட்டும் முகம் மாறியது. ஆனால் அவளும் பஸ்ஸில், நக்கோ, வேண்டாம், பிள்ளை பெற்றவளைப் பயமுறுத்தாதே என்றுதான் சொன்னாள்.

எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. மண்சரிவு பற்றிய பாடத்தில் விரிவுரையாளர் ஒரு முறை சொல்லியிருந்தார்: விரிசல் அசைகிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டர் பூசித் தேதி எழுதி வைப்பார்கள், பாறை ஒரு நூல் நகர்ந்தாலும் அது விண்டுவிடும். பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை செய்கிறவர்கள் புண்ணியத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எந்தக் கடையிலும் கிடைக்கிற பருவம் அது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். அக்காவின் பழைய சோப்பு டப்பாவில் கரைத்து, விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசி, காய்ந்ததும் பென்சிலால் தேதி எழுதினேன். மாமா கீழே நின்று, பாறைக்கு பேண்டேஜ் போட்டாச்சா என்று கேட்டார்.

முதல் வாரம் மூன்றும் அப்படியே இருந்தன. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் நல்ல மழை. ஞாயிறு காலை ஏறிப் பார்த்தேன். நடுவில் இருந்த பூச்சில், விரிசலுக்கு நேர் மேலாக, தலைமயிர் அளவு ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது.

என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. இறங்கி ஓடி வந்து தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறியது. அக்கா, பைத்தியமாடீ உனக்கு என்று பின்னாலேயே வந்தாள். மாமா செய்தித்தாளை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அவர் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. கைகளில் மண்ணும் பாசியும் ஒட்டியிருந்தன.

“இனி ஒரு நாளும் இங்க வேண்டாம்” என்றார் அக்காவிடம். “குழந்தை இருக்கற வீடு.”

அன்று மத்தியானமே அக்காவும் குழந்தையும் மாரெட்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பத்து நாளில் மாமா வேறு இடத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றைப் பிடித்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினாராம். படிக்கிற பெண் ஒருத்தி வந்து என் வீட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாள், இனி எந்தக் குடும்பம் குடிவரும் என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் படிப்புக்கு முதல்முதலாக வீட்டில் மரியாதை கிடைத்தது. அம்மா பக்கத்து வீட்டில் ஜியாலஜி என்ற சொல்லை முழுதாக உச்சரித்ததை என் காதால் கேட்டேன்.

அந்தக் கர்வத்தோடு விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். விரிசலின் நீளம், அகலம், அரசங்கன்று, மூன்று பூச்சு, மழை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தெலுங்கில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“விரிசல் இல்லாத இடத்தில ஒண்ணு பூசினியா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பிளாஸ்டர் காயும்போது தானே சுருங்கும். தண்ணீர் கூடினால் விண்டுபோகும். பாசிமேல் பூசினால் நிற்காது. பாறை அசைந்ததால் விண்டதா, பிளாஸ்டர் சரியில்லாமல் விண்டதா என்று தெரிய வேண்டுமானால், அதே கலவையை நல்ல பாறையிலும் ஒரு துண்டு பூசி வைத்திருக்க வேண்டும். இரண்டும் விண்டால் குற்றம் பிளாஸ்டருடையது. நான் பூசவில்லை. சோப்பு டப்பாவில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன் என்பதும் நினைவில்லை. அப்படியானால் பாறை விழாதா சார் என்று கேட்டேன். விழும், அது நிச்சயம் என்றார். எப்போது என்று கேட்டால் நாளைக்கு என்றும் சொல்லலாம், பத்தாயிரம் வருடம் கழித்து என்றும் சொல்லலாம், இரண்டும் சரியான விடைதான் என்றார். அவருடைய உலகத்தில் அவை பக்கத்துப் பக்கத்து நாட்கள்.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தையே பெட்டி படுக்கையோடு கிளப்பிவிட்டு, அது என் கலவையில் தண்ணீர் கூடிப்போனதாலாக இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? மாமாவின் கேலியை நினைத்தாலே உடம்பு கூசியது. எப்படியோ குழந்தை அங்கே இல்லை, அது போதும் என்று விட்டுவிட்டேன். அந்த வீடு காலியாகத்தான் இருக்கும் என்று ஏனோ நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, அக்காவின் பெயருக்கு ஏதாவது தபால் வந்திருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார்கள். போனேன். தெருமுனையிலிருந்தே கொடியில் புடவைகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல, வீட்டைச் சுற்றி. முற்றத்தில் மூன்று அடுப்பு. மண்வெட்டி, பாண்டு, கடப்பாரை எல்லாம் சுவரோரம் சாத்தியிருந்தன. குடும்பங்கள் யாரும் வரவில்லை என்றதும் வீட்டுக்காரர் அதைக் கட்டட வேலை மேஸ்திரி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவன் தன் கூலியாட்களை அதில் அடைத்திருந்தான். எல்லாம் பிழைப்புக்கு வந்த பாலமூர்ப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். பதினெட்டு பேர் என்று பிறகு தெரிந்தது. அதில் எட்டு குழந்தைகள். அந்த எட்டில் நாலு அப்போது பலகைப் பாறையின்மேல் ஏறி, சிவப்பு எழுத்துகளின்மீது சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

ஒரு குழந்தையை எடுக்கப் போய் எட்டுக் குழந்தைகளை அதன் அடியில் நான்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இப்படித்தான் அந்த நிமிடம் தோன்றியது. இன்றுவரை வேறு மாதிரி தோன்றவில்லை.

முற்றத்தில் ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். இடுப்பில் ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. யார் வேண்டும் என்று கேட்டாள். தபால் என்று ஆரம்பித்து, தபாலை மறந்து, பாறையைக் காட்டினேன். பின்னால் விரிசல் இருக்கிறது, ஒரு அடிக்கு மேல் ஆழம், மழையில் கீழே வந்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. களைந்த தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டுத்தான் பேசினாள். அவளுடைய தெலுங்கை என் தமிழில்தான் எழுத முடியும்.

“தெரியும்மா. வந்த அன்னைக்கே எங்க ஆளு சுத்தியலால தட்டிப் பார்த்தாரு. நல்ல கல்லு கணீர்னு பேசும். இது பொத்துனு பேசுது, பின்னாடி காலியா இருக்குன்னாரு.”

தெரிந்துமா குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. படிக்காத குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். இதற்கு முன்னால் வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் இருந்தார்களாம். அங்கே ஒரு பிள்ளை பாம்பு கடித்துச் செத்துப்போய்விட்டதாம். இங்கே கதவு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. பொம்பளைகளுக்குக் கக்கூஸ் இருக்கிறது. பின் அறையில் சாமான்களைப் போட்டுவிட்டு முன்னால் இரண்டு அறையில் படுத்துக்கொள்கிறார்கள், மழைக்கு இடம் போதாத அன்று மட்டும் சிலர் பின்னால் போவார்கள்.

“முன்னாடி இருந்த படிச்சவங்க பயந்து காலி பண்ணிட்டாங்களாம். அதனாலதான் எங்களுக்கு இது கிடைச்சுது. அவங்க நல்லா இருக்கணும்.”

அந்தப் படிச்சவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தபால் ஒன்றும் வரவில்லை என்றாள். நான் தெருவுக்கு இறங்கியபோது பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

“மேஸ்திரிகிட்ட இதைச் சொல்லிடாதம்மா. திரும்ப கொட்டாய்க்கு அனுப்பிடுவான்.”

சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால், எனக்காகத்தான். சொன்னால் கொட்டகையில் பாம்பு. சொல்லாவிட்டால் இங்கே பாறை. இரண்டில் எதையும் நான் கையில் எடுக்காமல் இருக்க அவளே ஒரு வழி செய்து கொடுத்திருந்தாள். என் கோழைத்தனத்துக்கு அவளுடைய வேண்டுகோள் நல்ல சாக்காகப் போயிற்று. அப்போதும் இது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன், கையெழுத்துப் போடாமல். தபால்தலைகூட ஒட்டினேன். ஒரு மாதம் பாடப் புத்தகத்துக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது, பெட்டியில் போடவில்லை. அதன் பிறகு, இந்த முறையாவது முறையாகச் செய்வோம் என்று, தண்ணீரை அளந்து ஊற்றி பிளாஸ்டர் கரைத்து, பாசியைச் சுரண்டிவிட்டு, விரிசலில் ஒன்றும் நல்ல பாறையில் ஒன்றும் பூசினேன். பாறை அசைகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் யார் என்ன சொன்னாலும் மேஸ்திரியிடம் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. அடுத்த வாரம் போனபோது பாறையில் இரண்டு பூச்சுமே இல்லை. பேர்த்து எடுத்து, முற்றத்தில் பாண்டி ஆடக் கட்டம் போட்டிருந்தார்கள். மறுபடி பூசினேன். மறுபடியும் கட்டம். என்னைக் கண்டதும் சாக்பீஸ் அக்கா வந்துவிட்டாள் என்று ஓடி வர ஆரம்பித்தார்கள். மூன்றாவது முறை பூசவில்லை.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மாரெட்பள்ளியில் ஜன்னல் கம்பியில் தண்ணீர் வழிந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். விடிந்ததும் செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். இவளுக்கு எப்போதிருந்து பேப்பர் படிக்கிற பழக்கம் என்று அம்மா அதிசயப்பட்டாள். இரண்டு முறை கல்லூரிக்குப் போகாமல் நேரே கொண்டாப்பூர் பஸ் ஏறி, தெருமுனையில் நின்று, கொடியில் புடவைகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தெரிந்தன. பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. அதைச் சாக்காக வைத்துப் போவதை நிறுத்தினேன். மேஜையில் பன்னிரண்டு கற்களை வைத்து அடையாளம் சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

கோடை வந்தது. அக்காவின் பிள்ளைக்கு முதல் வருடம் நிறைந்து நாலைந்து மாதம் தள்ளி, நல்ல நாள் பார்த்து மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அன்று அக்காவின் ஃபிளாட்டில் விருந்து. போகிற வழியில்தான் அந்தத் தெரு வரும். பஸ்ஸிலிருந்து பார்த்தபோது கொடி இல்லை. இறங்கிவிட்டேன்.

வீடு பாதி இடிந்து கிடந்தது. அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். கூலியாட்கள் வேலை முடிந்து போன வாரமே வேறு சைட்டுக்குப் போய்விட்டார்களாம். எந்த சைட் என்று காவலாளிக்குத் தெரியவில்லை. எல்லோரும் நன்றாகத்தான் போனார்களா, குழந்தைகள் எல்லாம் இருந்தார்களா என்று இரண்டு முறை கேட்டேன். ஹவ், ஆமாம், எல்லோரும்தான் லாரியில் ஏறினார்கள் என்றான்.

கரட்டை மெஷின் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகைப் பாறை ஏற்கெனவே கீழே வந்து, முகம் குப்புற, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. மெஷின் தொட்டதுமே வந்துவிட்டது, குத்தவே வேண்டியிருக்கவில்லை என்று ஓட்டுநர் பெருமையாகச் சொன்னான். பக்கத்தில் போனேன்.

அந்த முதுகுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரியாத பக்கம். கிரானைட்டில் இருக்கிற இரும்பு தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். தண்ணீர் போன இடமெல்லாம் பழுப்பாகிவிடும், போகாத இடம் சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னும். பாறை எதுவரை விட்டுப்போயிருந்தது, எங்கே ஒட்டியிருந்தது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். லாரி அளவு முதுகு முழுவதும் பழுப்பு. கீழ் மூலையில் மட்டும் ஓர் இடம் சாம்பலாக மின்னியது. குனிந்து என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன்மேல் வைத்தேன். மூடிவிட்டது.

சரிவில் உட்கார்ந்திருந்த எடையும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், அது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் அதையும் சேர்த்து எழுதுவேன். ஆனால் அன்று என் கைக்கு அடியில் இருந்ததுதான் அந்த மழைக்காலம் முழுவதும் பதினெட்டு பேருக்கும் இருந்த ஆதாரம். நான் தெருமுனையில் நின்று புடவைகளை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். மெஷின்காரன் ஓரம் போகச் சொல்லிக் கத்தினான்.

விருந்துக்கு நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று மாமா கேட்டபோது, பாறையை உடைக்கிறார்கள், பார்த்தேன், முழுக்க விட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிட்டேன். மாமா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார வைத்தாள்.

“இவனைக் காப்பாத்தினவ நீதான்டீ” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

சொந்தக்காரர்கள் என் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், பிளாஸ்டர் விண்டது, நான் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடியது எல்லாம். பிள்ளை என் விரலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.